வேலை இழந்தவருக்கு ஒரு ‘கோச்’ என்ன செய்ய முடியும்? நிலைமாற்றக் கோச்சிங்கின் அடிப்படைகளும் எல்லைகளும்

2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000க்கும் சற்று மேற்பட்டவர்களை, அந்த நிதியாண்டில் பணியிலிருந்து விடுவிக்கப்போவதாக அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில் இருப்பவர்கள் என்றும் சொல்லப்பட்டது. இத்தகைய ஒவ்வோர் அறிவிப்போடும் சில சொற்கள் செய்திகளில் வந்து சேர்கின்றன. ‘செவரன்ஸ்’ என்பது விடுவிக்கும்போது தரப்படும் தொகை. ‘அவுட்பிளேஸ்மென்ட்’ என்பது விடுவிக்கப்பட்டவர் வேறு வேலை தேடுவதற்கு, அனுப்பும் நிறுவனமே பணம் கொடுத்து ஏற்பாடு செய்யும் உதவி. இவை இரண்டும் எளிதில் விளங்கக்கூடியவை. இவற்றோடு சேர்த்து வழங்கப்படும், அல்லது தனியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தப்படும் ‘டிரான்சிஷன் கோச்சிங்’ எனும் நிலைமாற்றக் கோச்சிங்தான் பலரையும் குழப்புகிறது. அது மனநல ஆலோசனையா, வேலைவாய்ப்புச் சேவையா, தன்னம்பிக்கைப் பேச்சா என்ற ஐயம் இயல்பானது. அதன் பின்னால் இருக்கும் சிந்தனைச் சட்டகம் எங்கிருந்து வந்தது, அமர்வுகளில் எப்படிப் பயன்படுகிறது, எந்த இடத்தில் அது கைகொடுக்காது என்பவற்றை இக்கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்குகிறது.

கோச்சிங் எது, எது இல்லை

இங்கே பேசப்படும் கோச்சிங் நுழைவுத் தேர்வுக்கான தனிப்பயிற்சி அன்று. ஒருவர் தாமே எடுக்க வேண்டிய முடிவுகளை, இன்னொருவர் முறையாகக் கேட்கும் கேள்விகளின் துணையோடு எடுப்பதே இந்த ஏற்பாடு. கோச் பாடம் நடத்துவதில்லை. வேலை வாங்கித் தருவதில்லை. நோயைக் கண்டறிவதும் இல்லை. அதே துறையில் முன்னே சென்றவர் தம் அனுபவத்தைச் சொல்லி வழிகாட்டினால் அவர் மென்டார். மனச்சோர்வுக்கோ பதற்றக் கோளாறுக்கோ சிகிச்சை தருபவர் மனநல மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளர். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்களுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு உண்டு. கோச்சுகளுக்கு அப்படி எந்தச் சட்டப் பதிவும் இல்லை; யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் தொழில் செய்யலாம். 1995இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுக் கோச்சிங் கூட்டமைப்பு, அதாவது ஐசிஎஃப், மூன்று நிலைகளில் சான்றிதழ் வழங்குகிறது. அவற்றுக்குப் பயிற்சியோடு முறையே 100, 500, 2,500 மணிநேர அனுபவம் தேவை. இது தொழில் அமைப்பு ஒன்று தரும் சான்றே தவிர அரசு தரும் உரிமம் அன்று.

மாற்றம் வெளியே, நிலைமாற்றம் உள்ளே

இந்தத் துறையில் மிகுதியாகப் பயன்படும் வேறுபாட்டை முன்வைத்தவர் அமெரிக்கரான வில்லியம் பிரிட்ஜஸ். கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1970களின் நடுவில் அந்த வேலையை விட்டபின், வாழ்க்கைத் திருப்பங்களில் இருப்பவர்களுக்காக வகுப்புகள் நடத்தத் தொடங்கினார்; அந்த வகுப்புகளிலிருந்தே அவருடைய கோட்பாடு உருவானது. அவர் பிரித்துக் காட்டியது இதைத்தான்: வேலை போவது, ஊர் மாறுவது, திருமணம், விவாகரத்து, ஓய்வு ஆகியவை வெளியே நிகழும் மாற்றங்கள், அவற்றுக்குத் தேதி உண்டு. அந்த நிகழ்வுக்கேற்ப ஒருவருடைய பழக்கங்களும் தன்னைப் பற்றிய எண்ணமும் மெல்ல மாறி அமைவது உள்ளே நடக்கும் நிலைமாற்றம். அதற்குத் தேதி கிடையாது. மார்ச் 31ஆம் தேதி ஓய்வுபெற்றவர் ஏப்ரல் 1 அன்று சட்டப்படி ஓய்வூதியராகிவிடுகிறார். ஆனால் தாம் இனி அந்த அலுவலகத்தைச் சேர்ந்தவர் இல்லை என்பது அவருக்குள் இறங்கப் பல மாதங்கள் ஆகலாம்.

இந்த நிலைமாற்றத்தை பிரிட்ஜஸ் மூன்று கட்டங்களாகப் பார்த்தார்:

1. முடிவு: பழைய நிலையை விடுதல்.
2. இடைவெளி: பழையது போய், புதியது இன்னும் வராத காலம்.
3. புதிய தொடக்கம்: வேறொரு அடையாளத்தோடும் நோக்கத்தோடும் இயங்கத் தொடங்குதல்.

தொடக்கத்திலிருந்து முடிவுக்குப் போவதுதான் எவரும் எதிர்பார்க்கும் வரிசை. இங்கே அது தலைகீழாக இருப்பது தற்செயல் இல்லை. பழையதை விடாதவர் புதியதைத் தொடங்க முடியாது என்பதே இந்தச் சட்டகத்தின் மையக் கருத்து.

இந்த மூன்று கட்டங்களுக்கும் மூலம் இன்னும் பழையது. சடங்குகளை ஆராய்ந்த இனவியலாளர் அர்னால்ட் வான் கெனப் 1909இல் பல சமூகங்களின் சடங்குகளை ஒப்பிட்டு, வாழ்க்கைப் பருவம் மாறும்போது செய்யப்படும் சடங்குகளில் பிரித்தல், இடைநிலை, மீண்டும் சேர்த்தல் என்ற ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார். தமிழ் வாசகருக்கு இது தொலைவான செய்தி அன்று. பூப்பெய்திய பெண்ணைத் தாய்மாமன் கட்டிய ஓலைக் குச்சில் சில நாள் தனியே வைத்து, பின்னர் மஞ்சள் நீராட்டி, சீர் வரிசையோடு அவையில் அமர்த்தும் வழக்கத்தில் அந்த மூன்று படிகளும் அப்படியே தெரிகின்றன. துக்க வீட்டில் தீட்டு நாள்கள் கழிந்து, பதினாறாம் நாள் காரியத்தில் உறவினர் கூடிக் குடும்பத்தை மறுபடி அன்றாட வாழ்வுக்குள் அழைத்துக்கொள்வதும் அதே அமைப்புதான். இந்த வழக்கங்களில் சில பெண்களுக்கு இழைத்த தீங்கு பெரிது. அவற்றை நியாயப்படுத்த இங்கே இடமில்லை. எனினும் அவை செய்த ஒரு வேலையைக் கவனிக்க வேண்டும்: முடிவுக்கு ஒரு நாளையும், இடைக்காலத்துக்கு ஓர் எல்லையையும், புதிய நிலைக்குச் சாட்சிகளையும் அவை கொடுத்தன.

வேலை இழப்புக்கு அப்படி எதுவுமே இல்லை. ஒரு காணொளி அழைப்பு, அடையாள அட்டையை ஒப்படைத்தல், மடிக்கணினியைத் திருப்பித் தருதல் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக வழக்கமான நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முடிவைக்கூட முடிக்க இயலாமல் நிற்பவர்கள். சமூகம் சடங்கு வைக்காத இந்த இடத்தில்தான் கோச்சிங் ஒரு தேவையை நிறைவேற்றுகிறது என்பது என் கணிப்பு.

சம்பளத்தோடு சேர்ந்து போவது என்ன

முதல் கட்டத்தில் கோச் கேட்க வேண்டிய கேள்வி, ‘எதை இழந்தீர்கள்?’ என்பது. ‘வேலையை’ என்ற விடை போதாது. ஏன் போதாது என்பதற்கு ஆஸ்திரியாவில் நடந்த ஓர் ஆய்வு தெளிவான சான்று தருகிறது.

வியன்னாவுக்குத் தெற்கே உள்ள மரியன்தால் என்ற சிற்றூர் முழுவதும் ஒரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது. உலகப் பொருளாதாரச் சரிவின்போது ஆலை மூடப்பட்டது. மரி யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு அந்த ஊருக்குச் சென்று மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவுசெய்து 1933இல் வெளியிட்டது. வேலையில்லாதவர்களுக்கு நேரம் நிறையக் கிடைப்பதால் படிப்பு, பொதுப்பணி, அரசியல் ஆகியவற்றில் ஈடுபாடு கூடும் என்றே எவரும் நினைப்பார்கள். நடந்ததோ நேர்மாறானது. தொழிலாளர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. செய்தித்தாள் வாங்குவோர் குறைந்தனர். தெருவில் ஆண்களின் நடை பெண்களின் நடையைவிட மெதுவானது. பெண்களுக்கு வீட்டு வேலைகள் நாளை வகுத்துக்கொடுத்தன, ஆண்களுக்கு நாளை வகுத்துக்கொடுக்க எதுவும் இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து நண்பகல் வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பலராலும் சொல்ல முடியவில்லை.

வேலை என்பது வருமானத்துக்கு அப்பால் ஐந்தைத் தருகிறது என்று யஹோதா பின்னாளில் வகுத்தார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, தனிமனிதரைத் தாண்டிய பொதுநோக்கு, சமூகத்தில் ஓர் இடம், கட்டாயமான செயல்பாடு. நல்ல கோச் ஒருவர் இந்தப் பட்டியலை முன்னால் வைத்து, எது போயிற்று, எது மிச்சமிருக்கிறது, எதை இப்போதே வேறு வழியில் ஈடுசெய்யலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒருவருக்கு மிகப் பெரிய இழப்பு பதவிப் பெயராக இருக்கும். இன்னொருவருக்கு மாலை நான்கு மணித் தேநீர்க் கூட்டாளிகளாக இருக்கும். இருவருக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது.

இடைவெளிக் காலம்: அவசரம் கேடு செய்யும் இடம்

மூன்று கட்டங்களில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இரண்டாவதுதான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது வெறும் சும்மா இருக்கும் காலம். உள்ளே இருப்பவருக்கோ உறக்கம் கெடுவது, எந்த முடிவிலும் உறுதி இல்லாதது, பழைய வெற்றிகளையே சந்தேகிப்பது எல்லாம் சேர்ந்து வரும். இவை அனைத்தும் ஒருவர் தோற்றுவிட்டதன் அடையாளம் இல்லை, கடந்துபோகும் கட்டத்தின் இயல்பு என்று தெரிந்தாலே பாதி அச்சம் குறையும். சட்டகத்தின் பெரிய பயன் இதுவே.

இங்கே ஒரு தொழில்நுட்பத் தவறு அடிக்கடி நேர்கிறது. கோச்சிங் துறையில் மிகப் பரவலான அமர்வு முறை குரோ எனப்படுவது. பிரிட்டனைச் சேர்ந்த ஜான் விட்மோர் 1992 முதல் அதைப் பரவலாக்கினார். அது முதலில் இலக்கைக் கேட்கிறது. பிறகு இப்போதைய நிலை, கைவசமுள்ள வழிகள், செய்யப்போகும் செயல் என்று செல்கிறது. பணியில் இருக்கும் ஒருவர் தம் செயல்திறனை உயர்த்த விரும்பும்போது இந்த வரிசை நன்றாக இயங்கும். முடிவுக் கட்டத்தில் இருப்பவரிடம் முதல் அமர்விலேயே ‘ஐந்தாண்டில் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?’ என்று கேட்டால், அவர் தம்மிடம் இல்லாத விடை ஒன்றைக் கேட்பவரின் திருப்திக்காக உண்டாக்கிச் சொல்வார். பெரும்பாலும் அது இழந்த வேலையின் நகலாகவே இருக்கும். அதன்மேல் கட்டப்படும் திட்டம் சில வாரங்களில் சரிந்தால், பழியையும் அவரே சுமப்பார். எனவே நிலைமாற்றக் கோச்சிங்கில் இலக்கு கடைசியில் வர வேண்டும். இடைவெளிக் காலத்தில் செய்யத்தக்கவை சிறிய சோதனைகள்: வேறு துறையில் பணிபுரியும் மூவரைச் சந்தித்துப் பேசுதல், ஒரு குறுகிய ஒப்பந்தப் பணியை எடுத்துப் பார்த்தல், வாரத்தில் இரு நாள் கற்பித்துப் பார்த்தல் போன்றவை.

நான்கு கணக்குகள்: ஷ்லாஸ்பெர்க் முறை

பிரிட்ஜஸின் கட்டங்கள் ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்கின்றன. அவரிடம் என்ன இருக்கிறது என்பதை அவை கேட்பதில்லை. அந்தக் குறையை நிரப்புவது, மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் ஆலோசனை உளவியல் கற்பித்த நான்சி ஷ்லாஸ்பெர்க் 1981 முதல் வளர்த்தெடுத்த முறை. நிலைமாற்றங்களை அவர் மூன்றாகப் பிரித்தார்: எதிர்பார்த்தவை, எதிர்பாராதவை, எதிர்பார்த்தும் நடக்காமலே போனவை. மூன்றாவது வகையைத் தனியே பெயரிட்டது முக்கியமான பங்களிப்பு. வராத பதவி உயர்வும் கூடிவராத திருமணமும் பிறக்காத குழந்தையும் எந்த நாளிலும் ‘நிகழ்வதில்லை’ என்பதால் அவற்றுக்கு யாரும் ஆறுதல் சொல்ல வருவதில்லை.

எந்த வகையாக இருந்தாலும் நான்கு கணக்குகளை எடுக்க வேண்டும் என்றார் அவர்: சூழ்நிலை, தன்னிலை, ஆதரவு, உத்திகள். விளக்கத்துக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 44, சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் 19 ஆண்டு மென்பொருள் சோதனைப் பிரிவில் பணி, மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, மகன் பன்னிரண்டாம் வகுப்பு, பெற்றோர் ஊரில்.

1. சூழ்நிலை. தவிர்க்க முடியாத மாதச் செலவு, வீட்டுக்கடன் இஎம்ஐ உட்பட, 1,10,000 ரூபாய்; மனைவியின் சம்பளம் 30,000. மாதப் பற்றாக்குறை 80,000. விடுவிப்புத் தொகையும் கையிருப்பும் சேர்ந்து 8,80,000 என்றால் அவருக்கு 11 மாதக் கால அவகாசம் இருக்கிறது. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரும் இருந்திருந்தால் அது எந்தத் தேதியில் முடிகிறது என்பதும் இந்தக் கணக்கிலேயே சேர வேண்டும். மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த எண்தான். 11 மாதம் உள்ளவர் மூன்று மாதத்தைச் சோதனைகளுக்கு ஒதுக்கலாம். இரண்டே மாதம் உள்ளவருக்குக் கிடைக்கும் வேலையை முதலில் பிடித்துக்கொண்டு, நிலைமாற்றத்தைப் பிறகு கவனிப்பதே சரி. இதைக் கேட்காமல் ‘இடைவெளியில் பொறுமையாக இருங்கள்’ என்று சொல்லும் கோச் தீங்கு செய்கிறார்.

2. தன்னிலை. உடல்நலம், வயது, திறன்கள், முன்பு நேர்ந்த நெருக்கடிகளை அவர் சமாளித்த விதம். 19 ஆண்டில் ஒரே முறைகூட நேர்காணலுக்குச் செல்லாதவர் என்றால் அதுவும் ஒரு தகவல்.

3. ஆதரவு. எத்தனை பேர் என்பதைவிட, யார் எதற்கு என்பதே இங்கே கேள்வி. அவசரத்துக்குப் பணம் தரக்கூடியவர், குறுக்கிடாமல் கேட்பவர், வேலை இருக்கும் இடத்தைச் சொல்பவர், முகத்துக்கு நேரே உண்மை சொல்பவர் ஆகிய நால்வரும் ஒருவராக இருப்பது அரிது. பெற்றோரிடம் இன்னும் சொல்லவில்லை என்றால், அந்த மறைப்பைக் காப்பதற்கே அன்றாடம் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதையும் எடைபோட வேண்டும்.

4. உத்திகள். நிலைமையை மாற்றுபவை, நிலைமையைப் பார்க்கும் விதத்தை மாற்றுபவை, மன அழுத்தத்தைத் தாங்க உதவுபவை என மூன்று வகை. வேலை தேடுவது முதல் வகை. ‘என் திறமை போதாததால் இல்லை, அந்தப் பிரிவே மூடப்பட்டதால் வெளியேறினேன்’ என்று உணர்வது இரண்டாவது. நடை, உறக்க ஒழுங்கு, மது தவிர்த்தல் மூன்றாவது. ஒரே வகையில் மட்டும் எல்லா முயற்சியையும் போடுவதே பலரும் களைத்துப்போகக் காரணம்.

சட்டகத்தின் எல்லைகள்

கட்டங்கள் வரிசையாகவே வரும் என்று எடுத்துக்கொள்வது தவறு. 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ரோஸ் இறக்கும் நிலையில் இருந்த நோயாளிகளிடம் கண்டு விவரித்த ஐந்து உணர்வு நிலைகள், பின்னர் எல்லா இழப்புகளுக்கும் படிக்கட்டுபோலப் பொருத்தப்பட்டதும், ‘அடுத்த நிலைக்கு நீங்கள் வந்திருக்க வேண்டுமே’ என்று துயரப்படுவோரை அது அழுத்தியதும் நமக்கு முன்னே உள்ள எச்சரிக்கை. பிரிட்ஜஸே மூன்று கட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வரலாம் என்று கருதினார்.

இதைவிடக் கனமான எல்லை ஒன்று உண்டு. எந்தச் சட்டகமும் ஒரு பொதுப் பிரச்சினையைத் தனிமனிதரின் மனநிலைப் பிரச்சினையாக மாற்றிவிடும் ஆபத்து கொண்டது. வேலை இழந்தவருக்கு முதலில் தேவை அவருடைய உரிமைகள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்த ‘தொழிலாளர்’ ஒருவரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்பும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். பணியிழந்தவர் புதிய திறன் பெற உதவும் மறுதிறன் நிதியிலிருந்து மேலும் 15 நாள் ஊதியத்துக்கு இணையான தொகையும் உண்டு. மேலாண்மைப் பொறுப்பில் உள்ளவர்கள் இந்த வரையறைக்குள் வருவதில்லை. ஆனால் பதவிப் பெயரில் ‘மேனேஜர்’ என்று இருப்பதாலேயே ஒருவர் வெளியே போய்விடுவதில்லை. அவர் உண்மையில் செய்த பணி என்ன என்பதே பார்க்கப்படும். தாமாக ராஜினாமா செய்ததாகக் கையெழுத்திட்டால் ஆட்குறைப்பு இழப்பீட்டைக் கோருவது மிகக் கடினமாகிவிடும். ஆகவே கோச்சைப் பார்ப்பதற்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ பார்ப்பதே முறையான வரிசை.

மூன்றாவது எல்லை மருத்துவம் சார்ந்தது. தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் குலைதல், தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை இருந்தால் அது கோச்சிங்கின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416 இருபத்துநான்கு மணிநேரமும் தமிழிலும் கட்டணமின்றி இயங்குகிறது. அத்தகைய அறிகுறிகளைக் கண்டும் அமர்வைத் தொடர்கிற கோச், தம் தொழில் நெறியை மீறுகிறார்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

1. எத்தனை அமர்வுகள், மொத்தக் கட்டணம் எவ்வளவு, இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? எழுத்தில் தர மறுப்பவரிடம் சேர வேண்டியதில்லை.

2. இத்தனை நாளில் வேலை என்று உறுதி தருகிறாரா? உறுதி தந்தால் அவர் விற்பது கோச்சிங் இல்லை.

3. முதல் அமர்வில் என்ன கேட்பார்? பணக் கணக்கையும் குடும்பச் சூழ்நிலையையும் தொடாமல் நேரே கனவுக்கும் இலக்குக்கும் போகிறவர் மேலே சொன்ன தவறைச் செய்யக்கூடியவர்.

4. மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நிலை வந்தால் எப்படி அறிவார், யாரிடம் அனுப்புவார்?

5. கட்டணத்தைப் பழைய நிறுவனம் செலுத்துகிறது என்றால், அமர்வில் பேசியதில் எந்தப் பகுதியாவது அந்த நிறுவனத்துக்கு அறிக்கையாகப் போகுமா? இழப்பீடு குறித்த பேச்சுவார்த்தையோ வழக்கோ நடந்துகொண்டிருப்பவருக்கு இந்தக் கேள்வியே முதன்மையானது. வருகைப் பதிவைத் தவிர எதுவும் பகிரப்படாது என்ற எழுத்துப்பூர்வ உறுதி கிடைக்கும்வரை, வழக்கோடு தொடர்புடைய எதையும் அந்த அறையில் பேசாமல் இருப்பதே பாதுகாப்பு.